ஐஸ் வயலும் இருபது கிலோ கல்லும்



பொங்கலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் நான் எதுவும் எழுதல. ரெண்டு மூணு பேர் போன் போட்டு, "என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா"ன்னு கேட்டீங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. கனடாவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிட்டு பங்குனி கடைசியில்தான் ஊர் திரும்பினேன். அங்க பார்த்ததை எல்லாம் எழுதணும்னா பத்துப் பதிவு ஆகும். நயாகராவைப் பத்தி ஏற்கெனவே எல்லாரும் எழுதிட்டாங்க. நான் எழுதப்போறது கர்லிங் அப்படீங்கிற ஒரு விளையாட்டைப் பத்தி. ஐஸ் தரையில் ஒரு பெரிய கல்லைத் தள்ளிவிட்டு, அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் துடைப்பம் வச்சுப் பெருக்கிக்கிட்டே ஓடுவாங்க. டிவியில் பார்த்திருப்பீங்க. வாட்ஸ்அப்பில் அதை வச்சு காமெடி கூட வரும். அந்த விளையாட்டை இந்த அம்பத்தாறு வயசுல நானும் விளையாடிட்டு வந்தேன்.

முதல்ல ஏன் போனேன்னு சொல்லிடறேன். வீட்டுக்காரி தவறி ரெண்டு வருஷம் ஆகுது. ஒரே பொண்ணு, அவளும் ஸ்கார்பரோவில் இருக்கா. எனக்கு சித்தாலப்பாக்கம் பக்கம் எண்பது சென்ட் நிலம் இருக்கு. கிணறு இருக்கு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைன்னு பாத்தி மாத்தி மாத்திப் போடறேன். நாலு பக்கமும் அபார்ட்மென்ட் வந்துடுச்சு. வாரத்துக்கு ஒரு புரோக்கராவது வண்டியை நிறுத்தி விலை கேட்டுட்டுப் போறான். மகளும் மாப்பிள்ளையும் சொல்றது ஒண்ணுதான். "தனியா இருந்து என்னப்பா பண்ணப் போறீங்க. வித்துட்டு இங்கயே வந்துடுங்க." அதுக்குப் பதில் சொல்லாம ஒரு வருஷம் ஓட்டிட்டேன். "முதல்ல வந்து இருந்து பாருங்க"ன்னு டிக்கெட்டே போட்டுட்டா. கீரைப் பாத்தியை தம்பி மகன்கிட்ட ஒப்படைச்சுட்டு, மூட்டு வலி மாத்திரையும் எடுத்துக்கிட்டு தை மாசக் கடைசியில் கிளம்பினேன்.

அங்க போன முதல் ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுன்னு உண்மையைச் சொல்லணும். வெளிய மைனஸ் பதினஞ்சு டிகிரி. நம்ம மேடவாக்கத்துல மார்கழிப் பனிக்கே குல்லா போடறவன் நான். காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிடுவாங்க, பேத்தி ஸ்கூலுக்குப் போயிடும். வீட்ல நானும் ஹீட்டர் சத்தமும்தான். ஜன்னல் வழியா பார்த்தா வெள்ளை வெளேர்னு பனி. ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது. காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டுப் பழகினவனுக்கு, அஞ்சு மணிக்கு எழுந்து என்ன பண்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கிறது ஒரு தண்டனை மாதிரி. எல்லாரும் பாசமாத்தான் இருந்தாங்க. ஆனா அந்த வீட்ல என்னால ஆகவேண்டிய வேலைன்னு ஒண்ணு கூட இல்ல. இப்படியே மிச்ச காலமும் இருக்க முடியுமான்னு ராத்திரி படுத்து யோசிப்பேன்.

மகளுக்கு இது புரிஞ்சிருக்கணும். மாப்பிள்ளை ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க ஒரு கர்லிங் கிளப்பில் இருக்காங்களாம். புதுசா வர்றவங்களுக்குன்னு சனிக்கிழமை ஒரு நாள் சொல்லிக்கொடுப்பாங்களாம். "மாமா, நீங்களும் வாங்க. சும்மா பார்த்துட்டாவது வரலாம்"னு மாப்பிள்ளை கூப்பிட்டார். ஷூ மட்டும் சுத்தமா இருக்கணும்னு சொன்னார். மண்ணு ஒட்டின ஷூவோட ஐஸ் மேல கால் வைக்கக் கூடாதாம். வயலுக்குச் செருப்போட போகாதேன்னு எங்க அப்பா சொல்வார். அங்கயும் அதே கதைதான்னு நினைச்சுக்கிட்டேன்.

உள்ள போனா ஒரு கல்யாண மண்டபம் மாதிரி நீளமான கொட்டகை. தரை பூரா ஐஸ். அதை நீளவாக்கில் பட்டை பட்டையாப் பிரிச்சிருந்தாங்க. ஒவ்வொரு பட்டையும் 150 அடி நீளம், பதினாலு பதினஞ்சு அடி அகலம். ரெண்டு கோடியிலும் ஐஸுக்கு அடியில் வட்டத்துக்குள்ள வட்டமா வரைஞ்சிருக்கு. பெரிய வட்டத்துக்குக் குறுக்களவு 12 அடி. அதை வீடுன்னு சொல்றாங்க. இந்தக் கோடியிலிருந்து கல்லை விட்டு, அந்தக் கோடி வீட்டுக்குள்ள நடுப்புள்ளிக்குப் பக்கத்துல நிறுத்தணும். அவ்வளவுதான் ஆட்டம்.

நாங்க போனப்போ ஒருத்தர் முதுகுல தண்ணி டேங்க் மாட்டிக்கிட்டு, கையில ஒரு குழாயோட பின்பக்கமா நடந்துக்கிட்டே ஐஸ் மேல தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தார். குழாய் முனையில் நம்ம பூவாளிக்கு இருக்கிற மாதிரியே ஓட்டை ஓட்டையா இருக்கு. நாத்தங்காலுக்குப் பூவாளியில் தண்ணி விடற மாதிரி கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரே சீரா வீசிக்கிட்டே போறார். மத்தவங்க எல்லாம் ஷூ மாட்டிக்கிட்டிருந்தாங்க, நான் அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

எதுக்குத் தெளிக்கிறார்னு மாப்பிள்ளை மூலமா கேட்டேன். விவரமாச் சொன்னார். ஐஸ் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா கல்லு நல்லா ஓடும்னு நாம நினைப்போம். அப்படி இல்லையாம். வழவழன்னு இருந்தா கல்லு பாதியிலேயே நின்னுடும். அதனால முதல்ல மெஷின் விட்டு ஐஸைச் சீவி சமமாக்குவாங்க. அப்புறம் சூடான தண்ணியைத் துளித் துளியாத் தெளிப்பாங்க. அந்தத் துளி விழுந்த இடத்துல உறைஞ்சு சின்னச் சின்ன மேடா நிக்கும். தடவிப் பார்த்தா ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி இருக்கும். கல்லுக்கும் அடிப்பக்கம் முழுசாத் தரையில் படாது. கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி உள்வாங்கி இருக்கும். வளையம் மாதிரி ஒரு மெல்லிசான விளிம்பு மட்டும்தான் அந்தத் துளிகள் மேல ஓடும். உரசல் கம்மி, அதனால ஓட்டம் அதிகம்.

நம்ம ஆளுங்க கேரம் போர்டுல பவுடர் போடறதும் இதுக்குத்தானே? எண்பதுகள்ல எங்க ஊர் மன்றத்துல விளக்கைப் போட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கேரம் ஆடுவோம். சென்னைக்காரர் மரிய இருதயம் உலக சாம்பியன் ஆன 1991ல, மன்றத்துல இருந்த ஒவ்வொருத்தனும் தன்னை மரிய இருதயம்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். அவருக்கு 1996ல அர்ஜுனா விருது கொடுத்தாங்க. எனக்குக் கர்லிங் புரிஞ்சது அந்த வழியாத்தான். இது நின்னுக்கிட்டு ஆடற ராட்சச கேரம். ஸ்ட்ரைக்கரை விரலால சுண்டறதுக்குப் பதில் ஆளே கல்லோட சறுக்கிக்கிட்டுப் போகணும். எதிராளி காயைத் தட்டித் தள்ளலாம், நம்ம காயை மறைச்சு வைக்கலாம். குழி மட்டும்தான் இல்ல.

அந்தத் தண்ணி தெளிச்சவர் இன்னொண்ணும் சொன்னார். ஐஸ் மட்டம் கொஞ்சம் பிசகினாக்கூட கல்லு தப்பான பக்கம் திரும்பிடுமாம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பரம்பு சரியா அடிக்காத வயல்ல ஒரு பக்கம் தண்ணி தேங்கும், ஒரு பக்கம் காயும். அப்புறம் எவ்வளவு நல்ல நாத்தை நட்டாலும் பயிர் சீரா வராது. விளையாடறவங்க பேருதான் போர்டுல எழுதியிருந்துச்சு. ஆனா அந்தக் கொட்டகையில் நிஜமான விவசாயி அவர்தான்னு எனக்குப் பட்டுச்சு. நானும் விவசாயின்னு மாப்பிள்ளை சொன்னதும் கையுறையைக் கழட்டிட்டுக் கை கொடுத்தார். அவர் உள்ளங்கையும் என் உள்ளங்கை மாதிரியே காய்ப்புக் காய்ச்சிருந்துச்சு.

கல்லைப் பத்திச் சொல்லணும். ஒரு கல்லு 17 கிலோவிலிருந்து 20 கிலோ வரைக்கும் இருக்கும். மேல கைப்பிடி. ஒரு அணிக்குச் சிவப்பு, இன்னொரு அணிக்கு மஞ்சள். இது கிரானைட். ஸ்காட்லாந்து கடற்கரைக்குப் பக்கத்துல எய்ல்சா கிரெய்க்னு ஒரு சின்னத் தீவு. பழைய எரிமலையோட மிச்சம். ஒலிம்பிக்ல ஓடற கல்லு அந்தத் தீவுலேர்ந்துதான் போகுது. கல்லைச் செதுக்கற கம்பெனி 1851லேர்ந்து அந்தத் தொழிலைப் பண்ணிக்கிட்டிருக்கு. அந்தத் தீவுல கிடைக்கிற ஒரு ரகக் கல்லு தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாதாம். தண்ணி உள்ள போனா உறையும்போது உப்பி, கல்லு விரிசல் விட்டுடும். அதனால ஐஸ்ல ஓடற அடிப்பாகத்துக்கு அந்த ரகத்தைத்தான் வைக்கிறாங்க.

இதைக் கேட்டதும் எனக்குப் பல்லாவரம் ஞாபகம் வந்துச்சு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ பல்லாவரம், திரிசூலம், கீழ்க்கட்டளைப் பக்கம் பூரா கல்குவாரிதான். வெடி வைக்கிற சத்தம் எங்க ஊர் வரைக்கும் கேட்கும். அந்தக் கருங்கல்லுக்கும் உலக அளவுல ஒரு பேரு உண்டு. கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் அப்படீங்கிற இங்கிலீஷ்காரன் கல்லறைக்குக் கல்லு நம்ம பக்கத்துலேர்ந்து போனதாம். அதைப் பார்த்துட்டு ஹாலண்ட்னு ஒரு பாறை ஆராய்ச்சிக்காரர் 1893ல இந்தக் கல்லுக்கு சார்னோகைட்னு பேர் வச்சார். பரங்கிமலையில் அதுக்குன்னு ஒரு புவியியல் நினைவுச்சின்னமே இருக்கு. அங்க ஒரு தீவுக் கல்லை எடுத்து விளையாட்டு ஆக்கியிருக்காங்க. நம்ம மலையை ஜல்லியாக்கி ரோடு போட்டுட்டோம். குறை சொல்றதுக்கில்ல, அந்த ரோட்டுலதானே நானும் கீரைக்கட்டை ஏத்திக்கிட்டுப் போறேன்.

இந்த விளையாட்டு ஸ்காட்லாந்துல குளம் உறையற குளிர்காலத்துல பிறந்ததாம். 1511ன்னு வருஷம் பொறிச்ச ஒரு பழைய கல்லு அங்க கிடைச்சிருக்கு. விதிமுறை எல்லாம் ஒழுங்கு பண்ற சங்கம் 1838ல எடின்பரோவுல ஆரம்பிச்சாங்க. அதுக்கும் முன்னாடியே, 1807ல, கனடாவுல மான்ட்ரியல் ஊர்ல கிளப் வந்துடுச்சு. பொழைக்கப் போன ஸ்காட்லாந்துக்காரங்க கையோட விளையாட்டையும் கொண்டுபோயிருக்காங்க. விவசாயம் பண்றவனுக்குக் குளிர்காலத்துல வயல் பூரா பனி. ஆறு மாசம் என்ன பண்ணுவான்? உறைஞ்ச குளத்து மேல கல்லு தள்ளியிருக்கான். ஒலிம்பிக்ல பதக்கப் போட்டியா 1998லேர்ந்து விடாம நடக்குது. 1924ல நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்லயும் இருந்துச்சு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

கால் வைக்க ஐஸ்ல ரப்பர் கட்டை ஒண்ணு பதிச்சிருக்கு. வலது காலை அதுல ஊன்றி, இடது காலுக்கு அடியில் வழுக்கற பிளாஸ்டிக் மாட்டி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, உந்தித் தள்ளிச் சறுக்கிக்கிட்டே போய், ஒரு கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி கல்லை விட்டுடணும். பேத்தி ரெண்டாவது தடவையிலேயே பிடிச்சுட்டா. மாப்பிள்ளை மூணு தடவை குப்புற விழுந்து எழுந்தார். எனக்கு முழங்கால் மடங்காது. நாத்து நட்டு, களை எடுத்து, கீரை அறுத்து முப்பத்தஞ்சு வருஷமாத் தேய்ஞ்ச கால். உட்கார்ந்தா எழுந்திருக்க ஒரு ஆள் வேணும். ஓரமாப் போய் பெஞ்சில் உட்கார்ந்துட்டேன். இங்கயும் ஜன்னல் ஓரம்தான் நமக்குன்னு மனசுல ஓடுச்சு.

அப்போ பின்னாலேர்ந்து ஒரு குரல். "நீங்கள் தமிழோ?"

திரும்பிப் பார்த்தா எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் மேடவாக்கம்னு சொன்னேன், தாம்பரம் பக்கம்னு சொன்னதும் தெரிஞ்சுக்கிட்டார். கனடா வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் மெட்ராஸ்ல இருந்தாராம்.

"ஏன் இதில இருக்கிறியள்?"ன்னு கேட்டார்.

முழங்காலைக் காட்டினேன்.

"அட, எனக்கும் ரெண்டு காலும் ஏலாது. எழும்புங்கோ, தடி இருக்கு."

நீளமான ஒரு தடி கொண்டுவந்தார். அதோட முனை கல்லோட கைப்பிடியில் மாட்டிக்கும். நின்னபடியே நடந்து தள்ளிக்கிட்டுப் போய், கோட்டுக்கு முன்னாடி கையை லேசாத் திருப்பி விட்டுட்டா போதும். குனிய வேண்டாம், உட்கார வேண்டாம். வயசானவங்க, இடுப்பு முழங்கால் போனவங்க எல்லாம் அங்க இப்படித்தான் ஆடறாங்க. சக்கர நாற்காலியில் இருக்கிறவங்களுக்கும் இதே தடிதான். 2006லேர்ந்து பாராலிம்பிக்ல அவங்க போட்டியும் நடக்குது.

"ஆக இறுக்கித் தள்ளாதேங்கோ. மெல்ல நடந்து, கல்லுக்கு வழி காட்டி விடுங்கோ. கல்லு தானாப் போகும்."

முதல் கல்லு பாதி தூரம் தாண்டி நின்னுடுச்சு. அந்தக் கோடியில் ஒரு கோடு இருக்கு, அதைத் தாண்டலன்னா கல்லு செல்லாது, எடுத்துடுவாங்க. ரெண்டாவது கல்லு வீட்டையே தாண்டிப் போய்ப் பின் சுவரைத் தொட்டுச்சு. மூணாவது கல்லை விட்டப்போதான் அதோட குணம் எனக்குப் பிடிபட்டுச்சு. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பி விடறோமோ, அந்தப் பக்கமாக் கல்லு கடைசியில் வளைஞ்சு போகும். மூணு நாலு அடி கூட வளையும். அதனாலதான் கர்லிங்னு பேரே. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வீட்ல ஒரு கண்ணாடி டம்ளரைக் கவுத்து வச்சு, வலப்பக்கம் சுழற்றி மேஜை மேல தள்ளிப் பாருங்க. அது இடப்பக்கம் வளையும். ஐஸ்ல கல்லு நேர்மாறா வலப்பக்கம் வளையுது. ஏன் இப்படின்னு விஞ்ஞானிகளே இன்னும் ஒருத்தரோட ஒருத்தர் வாதாடிக்கிட்டிருக்காங்களாம்.

அப்புறம் துடைப்பம். நாம சிரிக்கிறோமே, அதுலதான் விஷயம் இருக்கு. முன்னாடி காலத்துல நிஜமாவே புல் துடைப்பம்தான். இப்போ தட்டையான துணித் தலை வச்ச பிரஷ். கல்லு போற பாதையில் அழுத்தித் தேய்ச்சா ஐஸ் கொஞ்சம் சூடாகி வழுக்கல் கூடும். கல்லு இன்னும் நாலஞ்சு அடி, சில சமயம் அதுக்கு மேலயும் ஓடும், வளையறதும் குறையும். ஆனா கல்லைத் துடைப்பம் தொடக் கூடாது, காலும் படக் கூடாது. விட்ட கை விட்டதுதான். அந்த இருபது இருபத்தஞ்சு விநாடியும், விட்டவன் ஒண்ணும் பண்ண முடியாம நிக்கிறான், கூட இருக்கிற ரெண்டு பேர் மூச்சு வாங்கப் பாதையைத் தேய்ச்சுக்கிட்டே ஓடறாங்க. என் கல்லுக்கு முன்னாடி மாப்பிள்ளையும் பேத்தியும் ஓடினாங்க. பேத்தி, "தாத்தா, வருது வருது"ன்னு கத்திக்கிட்டே தேய்ச்சா. ஊர்ல வீட்டு வாசலைக் கூட பெருக்காத மாப்பிள்ளை, வேர்த்து விறுவிறுத்துத் துடைப்பம் போட்டதை என் போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன். இங்க போட மாட்டேன், மரியாதை போயிடும்.

கடைசியா நாலு நாலு பேரா அணி பிரிச்சு ஒரு சின்ன ஆட்டம் வச்சாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லு. ரெண்டு அணிக்கும் சேர்த்து 16 கல்லு போனதும் ஒரு சுத்து முடியும். நடுப்புள்ளிக்குக் கிட்ட யார் கல்லு இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணியோட கிட்டக் கல்லைவிட உள்ள எத்தனை கல்லு வச்சிருக்கோமோ அத்தனை புள்ளி. பெரிய போட்டியில் பத்து சுத்து ஆடுவாங்க, நாங்க நாலு ஆடினோம்.

அதுல ஒரு சம்பவம். எதிரணியில் ஒரு சின்னப் பையன், காலேஜ் படிக்கிற வயசு. அவங்க கல்லு அருமையா உள்ள வந்துக்கிட்டிருந்துச்சு. திடீர்னு அவனே கையைத் தூக்கி, "என் பிரஷ் பட்டுடுச்சு"ன்னு சொல்லி, கல்லை ஓரம் ஒதுக்கிட்டான். வேற யாரும் அதைப் பார்க்கல. அம்பயரும் கிடையாது. இந்த ஆட்டத்துல அதுதான் வழக்கம்னு யாழ்ப்பாணத்து அய்யா சொன்னார். பட்டது யாரோ அவங்களேதான் சொல்லணும். எங்க ஊர்ல வரப்பு ஒரு முழம் நகர்ந்ததுக்குக் கோர்ட்டுல இருபது வருஷம் நின்னவங்களை எனக்குத் தெரியும். அந்தப் பையனை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்.

என்னோட கடைசிக் கல்லு நல்லா வந்துச்சு. பொறுமையா நடந்து, கையை லேசாத் திருப்பி விட்டேன். பேத்தியும் மாப்பிள்ளையும் தேய்க்க ஆரம்பிச்சாங்க, அந்தக் கோடியிலிருந்து எங்க தலைவி அம்மா, "விடுங்க, தேய்க்காதீங்க"ன்னு நிறுத்தினாங்க. கல்லு தானா வளைஞ்சு, எதிரணி மஞ்சள் கல்லுக்குப் பின்னால மறைவாப் போய், வட்டத்துக்குள்ள உட்கார்ந்துச்சு. அந்தச் சுத்துல எங்களுக்கு ஒரு புள்ளி. மொத்தத்துல மூணுக்கு அஞ்சுன்னு தோத்துட்டோம். ஆனா அந்த ஒரு புள்ளி என்னுது.

ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் கை குலுக்கிக்கிட்டு மேல இருக்கிற அறைக்குப் போனோம். ஜெயிச்சவங்கதான் தோத்தவங்களுக்குக் குடிக்க வாங்கித் தரணுமாம், ரெண்டு அணியும் ஒரே மேஜையில் உட்காரணுமாம். எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாங்க. யாழ்ப்பாணத்து அய்யா பக்கத்துல வந்து உட்கார்ந்தார். பேச்சு விவசாயத்துக்குப் போச்சு. அவங்க குடும்பமும் தோட்டக்காரங்கதான். வலிகாமம் வடக்குல செம்மண் நிலம், வெங்காயம், மிளகாய், புகையிலை. கிணத்துத் தண்ணி. இவர் 1985ல கனடா வந்துட்டார். 1990ல சண்டையில் ஊரே கிளம்ப வேண்டியதாப் போச்சு. அப்புறம் அந்த இடம் ராணுவத்தோட பாதுகாப்பு வலயம் ஆயிடுச்சு.

"இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு காணியைத் திருப்பித் தந்தவங்கள்"னு சொன்னார். "போய்ப் பார்த்தனான். வீடு இல்லை. கிணறு தூர்ந்து போச்சு. எல்லை எதெண்டே தெரியேல்ல. பக்கத்துக் காணிக்காரர் ஒருத்தரும் இல்லை, ஆரைக் கேக்கிறது?"

நான் ஒண்ணும் சொல்லல. மாப்பிள்ளை எதிர்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தார்.

"விக்கேல்லையா"ன்னு நான் கேட்டேன்.

"இல்லை. வித்து என்ன செய்ய? கிணத்தைத் திருப்பி வெட்டிவிட்டிருக்கிறன். ஒரு பொடியன் மரவள்ளி போட்டிருக்கிறான். காசு ஒண்டும் வாறேல்ல. படம் அனுப்புவான்."

போனை எடுத்துக் காட்டினார். செக்கச்செவேல்னு மண்ணு, அதுல மரவள்ளிச் செடி நாலு வரிசை. நானும் என் போனை எடுத்து, தம்பி மகன் அனுப்பின அரைக்கீரைப் பாத்தியைக் காட்டினேன். தண்ணி எங்க எடுக்கிறீங்க, எத்தனை நாளில் அறுப்பீங்க, பூச்சிக்கு என்ன பண்றீங்கன்னு வரிசையாக் கேட்டார். ரெண்டு மாசத்துல என் தொழிலைப் பத்தி என்கிட்ட கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார். "மாமா, நிலத்தை இப்ப விக்க வேண்டாம். நீங்க இருக்கிற வரைக்கும் உங்க இஷ்டம்." மகள் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அவளுக்கு என்னைத் தனியா விடறதுலதான் பயம், நிலத்து மேல ஆசை இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனால நானும் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கிட்டேன். வருஷா வருஷம் தை மாசம் போய் ரெண்டு மாசம் அங்க இருக்கிறதுன்னு. அதுக்கு மேல என்னால முடியாது. அதுக்குக் கம்மின்னா அவ மனசு ஆறாது.

அப்புறம் நாலு சனிக்கிழமை அந்தக் கிளப்புக்குப் போனேன். பெரியவங்க தடி வச்சு ஆடற ஆட்டத்துல ரெண்டு ரெண்டு பேர் ஒரு அணி, ஓடித் தேய்க்கிற வேலை இல்ல. நானும் அய்யாவும் ஒரு அணி. ஒண்ணு ஜெயிச்சோம், மூணு தோத்தோம். ஐஸ் போடறவர் என்னைப் பார்த்தா ஒதுங்கி நின்னு, தெளிக்கிற குழாயைக் கையில் கொடுப்பார். ஒரு நாள் அரைப் பட்டைக்கு நானே தெளிச்சேன். கை வீச்சு சீரா இருக்குன்னு பாராட்டினார். கீரை விதைக்குப் பூவாளி பிடிச்ச கைக்கு அது என்ன பெரிய விஷயம்.

ஊருக்கு வந்து பதினஞ்சு நாள் ஆகுது. வெயில் மண்டையைப் பிளக்குது. மெட்ரோ வேலையால கூட்ரோட்டுல அரை மணி நேரம் நிக்க வேண்டியிருக்கு. கிணத்துல தண்ணி இன்னும் இருக்கு. தம்பி மகன் பாத்தியை நல்லா வச்சிருந்தான், கிழக்கு மூலையில் மட்டும் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆடிக்கு முன்னாடி அதைச் சரி பண்ணணும். புரோக்கர் ஒருத்தன் நேத்து வந்தான். "அண்ணே, வெளிநாட்டுக்கே போயிடறீங்களாமே"ன்னு கேட்டான். தைக்குப் போயிட்டுப் பங்குனிக்கு வந்துடுவேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பேத்திக்கு இந்தத் தடவை ஒரு கேரம் போர்டு வாங்கிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன். பெரிய சைஸ் போர்டை விமானத்துல எடுத்துட்டுப் போக வழி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.